யப்பானியக் குடும்பக் கார்: உடைமையும் உருமாற்றமும்

பொறிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு சாராரைப் பற்றியே எழுதுவர். பொறியைக் கண்டுபிடித்தவர் ஒருவர். அதனை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்து விற்ற முதலாளி மற்றவர். விற்பனை முடிந்த பின்னர் அப்பொறிக்கு யாது நேர்ந்தது, அதனை வாங்கிய சாதாரண மனிதர் அதனை என்ன செய்தார் என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அத்துணை ஈர்ப்பதில்லை. மோட்டார்க் காரின் வரலாறும் இதற்கு விலக்கன்று. டொயோட்டாவும் நிசானும் உலகச் சந்தையை எவ்வாறு கைப்பற்றின என்பது பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன. அந்நிறுவனங்கள் விற்ற கார்களை நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்தும், வெட்டியும் ஒட்டியும் உருமாற்றியும் வருகின்ற மனிதரைப் பற்றி எழுதப்பட்டவை சிலவே.

இம்மனிதரின் ஆர்வம் வேடிக்கையானதென்றே பலருக்குத் தோன்றும். இவர்கள் போற்றுவது அரசர் ஏறிய ரோல்ஸ் ரொய்ஸையன்று. பந்தயத்துக்கென்றே பிறந்த இத்தாலியக் காரையுமன்று. கணக்கப்பிள்ளையும் பள்ளி ஆசிரியரும் தவணை முறையிற் பணம் கட்டி வாங்கிய நான்கு கதவுக் குடும்பக் காரையே போற்றுகின்றனர். சனி, கொரொல்லா, புளூபேர்ட், ஸ்கைலைன் என்ற பெயர்களோடு வந்த அக்கார்கள் சில ஆண்டுகள் ஓடிப் பின் பழைய இரும்புக்குச் செல்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவ்வாறு செல்ல மறுத்தவற்றின் கதையையே ஈண்டு நோக்குகின்றோம்.

போருக்குப் பிந்திய யப்பானில் சாதாரண குடும்பத்துக்குக் கார் என்பது எட்டாக் கனியாகவே இருந்தது. 1955ஆம் ஆண்டு வர்த்தக, கைத்தொழில் அமைச்சின் திட்டமொன்று வெளியே கசிந்தது. நால்வர் செல்லக்கூடியதும், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடியதும், 250,000 யென்னுக்கு மேற்படாத விலையுடையதுமான ‘மக்கள் கார்’ ஒன்றை உருவாக்க வேண்டுமென்பது அத்திட்டத்தின் சாரம். இவ்விலைக்கு அத்தகைய காரைச் செய்ய அன்று எவராலும் இயலவில்லை. ஆயினும் அக்கனவு மறையவில்லை. 1945க்குப் பின் விமானம் அமைப்பதை நேசநாடுகளின் ஆட்சி தடைசெய்திருந்தமையால், போர் விமானங்களை வரைந்த பொறியியலாளர் பலர் வேலையின்றி நின்றனர். அவர்களிற் கணிசமானோர் மோட்டார்த் தொழிலுக்கு வந்தனர். கொரொல்லாவின் தலைமைப் பொறியியலாளரான தற்சுவோ ஹசெகாவா தச்சிகாவா விமானக் கம்பனியிற் பணியாற்றியவர். ஸ்கைலைனைப் பெற்றெடுத்த பிரின்ஸ் கம்பனியின் வேர்களும் விமானத் தொழிற்சாலைகளிலேயே உள்ளன. அழிவுக்குப் பயன்பட்ட அறிவு, பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் வண்டியாக மாறியதென்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1966ஆம் ஆண்டு அக்கனவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரிலில் நிசான், 988 சீசீ எஞ்சினுடன் டட்சன் சனியை வெளியிட்டது. நவம்பரில் டொயோட்டா 1,077 சீசீ எஞ்சினுடன் கொரொல்லாவை வெளியிட்டு, அயலவன் காரைவிடத் தனது எஞ்சின் ஏறத்தாழ 100 சீசீ பெரிதென்று விளம்பரம் செய்தது. அயலவனைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டுமென்னும் நடுத்தர வர்க்கத்தின் மனநோயை இவ்விளம்பரம் எத்துணை துல்லியமாக அறிந்திருந்தது! சாதாரணக் கொரொல்லாவின் விலை 432,000 யென். யப்பானியர் ‘என் கார்’ யுகத்தின் முதலாம் ஆண்டென 1966ஐக் குறிப்பிடுவர். காரின் ஒவ்வோர் அம்சமும் நூற்றுக்கு எண்பது புள்ளி பெற வேண்டும், சிலவற்றிலேனும் அதனைத் தாண்ட வேண்டும் என்பது ஹசெகாவாவின் கொள்கை. எவருக்கும் வெறுப்பூட்டாத, எவரையும் மயக்கவும் செய்யாத ஒரு பண்டம் இக்கொள்கையிற் பிறந்தது.

இப்பண்டத்தை ஆக்கியோரின் நிலை யாது? சத்தோஷி கமாத்தா என்னும் பத்திரிகையாளர் 1972இன் பிற்பகுதியில் பருவகாலத் தொழிலாளியாக டொயோட்டாவிற் சேர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதங்கள் கியர்ப்பெட்டி பொருத்தும் ஓடுபட்டையின் முன் நின்றார். 1973இல் வெளியான அவரது நூல், அவ்வோடுபட்டையின் வேகம் மனித உடலை எவ்வாறு நசுக்குகிறதென்பதை நாட்குறிப்பாகவே பதிவு செய்துள்ளது. காரைச் செய்பவன் தன் கைக்கு வரும் ஒரே பாகத்தை நாள் முழுவதும் பொருத்துகிறான். முழுக் காரை அவன் ஒருபொழுதும் செய்வதில்லை. வீதியின் நிலையோ வேறு வகையிற் கொடியது. 1970ஆம் ஆண்டில் மட்டும் யப்பானிய வீதிகளில் 16,765 பேர் மாண்டனர். பத்திரிகைகள் இதனைப் ‘போக்குவரத்துப் போர்’ என்றே அழைத்தன. பழைய கார்களைப் பற்றி இன்று ஏக்கத்தோடு பேசுவோர் இவ்விரு உண்மைகளையும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

குடும்பக் கார் எவ்வாறு ஆர்வலரின் பொருளாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள 1964ஆம் ஆண்டு மே மாதத்துக்குச் செல்ல வேண்டும். அப்பொழுது சுசுக்காவில் இரண்டாவது யப்பான் கிராண்ட் பிறீ பந்தயம் நடைபெற்றது. பிரின்ஸ் கம்பனியிடம் பந்தயக் கார் எதுவும் இருக்கவில்லை. 1,500 சீசீ எஞ்சின் கொண்ட ஸ்கைலைன் என்ற குடும்பக் காரே இருந்தது. ஷின்இச்சிரோ சக்குராயும் அவரது கூட்டத்தாரும் செய்தது, கிராமத்துக் கொல்லனும் செய்யத் துணியும் காரியம். தமது பெரிய காரான குளோரியாவின் 2,000 சீசீ, ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்தனர். அது ஸ்கைலைனின் மூக்குக்குள் அடங்கவில்லை. எனவே காரின் முன்பகுதியை வெட்டி 200 மில்லிமீற்றர் நீட்டினர். விதிப்படி அத்தகைய கார்கள் நூறு செய்யப்பட்டன. ஆர்வலர் இன்று செய்யும் எஞ்சின் மாற்று வேலையின் மூதாதை இதுவே எனலாம். இதனைத் தொடக்கி வைத்தது தொழிற்சாலையேயன்றி வீதியோரக் கராச் அன்று.

பந்தயத்துக்குச் சற்று முன்னர், சொகிச்சி ஷிக்கிபா என்பவருக்கென ஜேர்மனியிலிருந்து போர்ஷே 904 ஒன்று வந்திறங்கியது. தரையோடு தவழும் உண்மையான பந்தயக் கார் அது. முடிவு யாதாகுமென்பதில் எவருக்கும் ஐயமில்லை; போர்ஷேயே வென்றது. ஆனால் தெத்சு இக்குசாவா ஓட்டிய ஸ்கைலைன் ஒரு சுற்றில் அதனை முந்தி, பார்வையாளர் மேடைக்கு முன்னால் முதலாவதாகக் கடந்தது. அந்த ஒரு சுற்று ஒரு நாட்டின் நினைவில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது. இரண்டாம் இடத்திலிருந்து ஆறாம் இடம் வரை ஸ்கைலைன்களே வந்தன. தந்தை வேலைக்கு ஓட்டிச் செல்லும் பெட்டிபோன்ற கார் ஐரோப்பியனின் போர்ஷேயை முந்தியதென்ற செய்தியில் தேசிய கர்வம் கலந்திருந்தமை உண்மையே. அக்கர்வத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் அதனோடு சேர்ந்து வேறோர் எண்ணமும் பிறந்தது. என் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள்ளும் இத்தகைய ஆற்றல் ஒளிந்திருக்கிறது. வெளிக்கொணரத் தெரிந்த கை இருந்தாற் போதும் என்பதே அது.

1966 ஓகஸ்டில் பிரின்ஸ் நிசானோடு இணைந்தது. 1969 பெப்ரவரியில் வெளியான ஸ்கைலைன் ஜீ.ரி.ஆர். நான்கு கதவுக் குடும்பக் காராகவே வந்தது. வெளித்தோற்றத்தில் அடக்கம், உள்ளே சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வு கொண்ட, 160 குதிரைவலுவுள்ள எஞ்சின். 1972க்குள் அக்கார் 50 பந்தயங்களில் வென்றது. பெட்டி ஸ்கைலைன் என்னும் பொருளில் யப்பானியர் இதனை ‘ஹாக்கோசுக்கா’ என்பர். இத்தலைமுறை ஸ்கைலைன்கள் 300,000க்கு மேல் விற்பனையாயின. நான்கு கதவு ஜீ.ரி.ஆரோ 832 மட்டுமே. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள பெரும் பள்ளத்திலேதான் ஆர்வலரின் வாதப்பிரதிவாதங்கள் யாவும் நிகழ்கின்றன. அரிய காரை வாங்க வசதியில்லாதவன், தன் சாதாரண ஸ்கைலைனை அதுபோல் ஆக்க முற்பட்டான்.

அவன் செய்த முதற் காரியம் உடலை வெட்டுவதாகும். சாதாரண ஸ்கைலைனின் பின்சக்கரத்துக்கு மேலாக ஒரு மடிப்புக் கோடு ஓடும். ஆர்வலர் அதனை ‘அலைக்கோடு’ என்பர். அகன்ற ரயருக்கு இடங்கொடுக்கும் பொருட்டு ஜீ.ரி.ஆரில் அக்கோட்டைக் குறுக்காக வெட்டிச் சக்கர வளைவைத் திறந்திருந்தனர். ஆகவே சாதாரணக் காரின் கோட்டையும் ஆயிரக்கணக்கானோர் வெட்டினர். அடுத்தது எஞ்சின். சாதாரண ஸ்கைலைனில் இருந்த எல் வகை ஆறு சிலிண்டர் எஞ்சின் எளிமையானது, பெரிய வார்ப்பிரும்பாலானது, நிசானின் வேறு கார்களிலும் அதே குடும்பத்து எஞ்சின்கள் இருந்தன. பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும் 2,800 சீசீ எல் எஞ்சினுக்குள், நிசான் தன் டீசல் எஞ்சினுக்கென ஆக்கிய கிராங்குத் தண்டைப் போட்டு, சிலிண்டரையும் குடைந்து பெரிதாக்கினால் கொள்ளளவு 3,100 சீசீ ஆகிவிடும். மூன்று இரட்டைக் கபரேற்றர்களைப் பக்கத்தில் வரிசையாக மாட்டினால், விலையுயர்ந்த ஜீ.ரி.ஆரை நேர்கோட்டில் முந்தும் கார் தயார். மந்தமான டீசல் காரின் பாகம் ஒன்று இவ்வேகத்துக்கு உதவிற்றென்பது எனக்கு எப்பொழுதும் வியப்பளிப்பதாகும். எந்தப் பாகம் எதற்குப் பொருந்துமென்னும் அறிவு கம்பனியின் கைநூல்களில் இருக்கவில்லை. கராச்சிலிருந்து கராச்சுக்கு வாய்வழியாகவே பரவியது.

சனியின் கதை இன்னும் எளியது. 1970இல் வந்த இரண்டாந் தலைமுறைச் சனியின் 1,200 சீசீ எஞ்சினில், தள்ளுகோல் கொண்டு வால்வைத் திறக்கும் பழைய முறையே இருந்தது. ஆயினும் பூஜி மலையடிவாரப் பந்தயப் பாதையில் அச்சிறு எஞ்சினை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை ஓட்டினர். விற்பனையிலிருந்து அம்மொடல் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் பந்தயத்தில் அது நின்று பிடித்தது. அதே எஞ்சின் கொண்ட சிறு லொறி 1971 முதல் 1994 வரை யப்பானில் விற்கப்பட்டமையால், சனியை வைத்திருந்தோருக்கு உதிரிப்பாகத் தட்டுப்பாடு அவ்வளவாக ஏற்படவில்லை. காய்கறி ஏற்றிய லொறி ஒன்று, பந்தயக் காரின் பிறப்புரிமையைப் பேணி வந்ததென்றே கூறலாம்.

கடல் கடந்தும் இப்போக்கு சென்றது. யப்பானில் 1967இல் புளூபேர்ட் என்று விற்கப்பட்ட கார் ஐக்கிய அமெரிக்காவில் டட்சன் 510 ஆயிற்று. அங்கே நிசானின் விற்பனையைக் கவனித்த யுத்தாக்கா கத்தாயாமா, அந்நாட்டு வீதிகளுக்கு 1,600 சீசீ எஞ்சின் வேண்டுமென்று தலைமையகத்தோடு மல்லாடிப் பெற்றார். ஏறத்தாழ 2,000 டொலருக்கு விற்ற இப்பெட்டிக் காரை வைத்துப் பீற்றர் புறொக்கின் குழு 1971இலும் 1972இலும் 2.5 லீற்றர் ட்றான்ஸ் அம் பந்தய விருதை வென்றது. ஓட்டியவர் ஜோன் மோர்டன். எதிர்த்து நின்றவற்றுள் அல்ஃபா றோமியோக்களும் இருந்தன. அன்றிலிருந்து கலிபோணிய இளைஞர் இக்காரை ‘ஏழையின் பீ.எம்.டபிள்யூ.’ என்று சொல்லி வாங்கினர். இப்பட்டத்தில் பெருமையும் தாழ்வுணர்ச்சியும் ஒருங்கே உள்ளன.

யப்பானுக்கே மீள்வோம். காரை உருமாற்றியவன் இரு தரப்பினரோடு மோத வேண்டியிருந்தது. அவற்றுள் முதலாவது சட்டம். 1951ஆம் ஆண்டின் வீதி வாகனச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு காரும் குறித்த காலத்துக்கொரு முறை அரசாங்கப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ‘ஷாக்கென்’ எனப்படும் இப்பரிசோதனையோடு பாரவரி, கட்டாயக் காப்புறுதி ஆகியனவும் சேர்ந்து வருவதால், செலவு எளிதில் 100,000 யென்னை எட்டும். பத்து ஆண்டைக் கடந்த கார் ஆண்டுதோறும் செல்ல வேண்டுமென்ற விதி 1995 வரை நடைமுறையில் இருந்தது. யப்பானியச் சட்டம் பழைய காரை வைத்திருக்கவே விடுவதில்லை என்று வெளிநாட்டு ஆர்வலர் எழுதுவதுண்டு. இது மிகைக் கூற்று. பழுதற்ற கார் எத்தனை வயதானாலும் பரிசோதனையிற் தேறலாம். உடைமையாளர் தாமே காரைப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டு சென்று, தரகருக்குரிய கூலியை மிச்சம் பிடிக்கவும் வழியுண்டு. ஆனால் இரண்டாண்டுக்கொரு முறை வரும் அச்செலவுச் சீட்டைக் கண்டவுடன், இதனைவிடப் புதிய காரின் முதற்தவணையைக் கட்டலாமே என்று குடும்பத் தலைவன் எண்ணினான். அவ்வாறு எண்ண வேண்டுமென்பதே கம்பனிகளின் விருப்பமும் ஆகும். பாதுகாப்பென்னும் நியாயமான நோக்கமும் விற்பனையென்னும் வேறொரு நோக்கமும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இரண்டாவது தரப்பு, ஊராரும் பொலிசாரும். 1970களில் பூஜிப் பந்தயங்களைக் காண வந்த இளைஞர், பந்தயக் கார்களைப் பார்த்துத் தம் தந்தையரின் பழைய செடான்களை மாற்றினர். சுருள்வில்லை வெட்டிக் காரைத் தரையோடு தாழ்த்தினர். சக்கரத்தின் மேல் இரும்பு இறக்கை ஒட்டினர். மூங்கில் ஈட்டி போல வானை நோக்கி நீளும் புகைக்குழாய்களைப் பொருத்தினர். இவர்களையும் மோட்டார்ச் சைக்கிள் கூட்டத்தாரையும் சேர்த்துப் பத்திரிகைகள் ‘போசோசோக்கு’, அதாவது வெறிகொண்டு ஓடும் கூட்டம் என்றன. 1978இல் திருத்தப்பட்ட வீதிச் சட்டம் கூட்டமாக ஆபத்து விளைவித்து ஓட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. எனினும் 1982இல் பொலிசாரின் கணக்கில் இவர்கள் தொகை 42,000ஐத் தாண்டியிருந்தது.

இவர்களை வீரராக்கிக் காட்டும் எழுத்தோடு எமக்கு உடன்பாடில்லை. நள்ளிரவிற் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடுபவனால் முதலில் உறக்கம் கெடுவது, அதிகாலை வேலைக்குச் செல்ல வேண்டிய தொழிலாளிக்கே. ஆயின் இவர்களைக் குற்றவாளிக் கூட்டமென்று மட்டும் கூறி முடிப்பதும் சோம்பேறித்தனமாகும். 1980களின் முற்பகுதியில் கியோட்டோவில் இவர்களோடு பழகி ஆராய்ந்த சமூகவியலாளர் இக்குயா சாத்தோ, இவர்கள் செய்கையை ஒரு வகை விளையாட்டாகவே விளக்கினார். சில ஆண்டுகள் மட்டும் நீடித்துத் திருமணத்தோடும் நிலையான வேலையோடும் முடிந்துவிடும் விளையாட்டு அது. பரீட்சையே வாழ்வென்றாகிவிட்ட சமுதாயத்தில் பரீட்சையிற் தோற்றவனுக்குத் தன் கைத்திறனைக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. பற்றவைக்கும் கருவியும் பழைய செடானும் அவ்விடத்தை அவனுக்கு அளித்தன. ஓடுபட்டையின் முன் ஒரே பாகத்தைப் பொருத்திய கை, இங்கே முழுக் காரையும் தன்னுடையதென்று சொல்லத்தக்க விதத்திற் திரும்பவும் செய்தது.

1995ஆம் ஆண்டு சட்டம் தளர்ந்தது. ஆண்டுதோறும் பரிசோதனை என்னும் விதி நீங்கியதோடு, சுருள்வில், அதிர்ச்சிதாங்கி போன்ற குறித்த சில பாகங்களை மாற்றுவதற்கு முன்னைய கெடுபிடிகளும் குறைக்கப்பட்டன. இச்சுதந்திரம் ஆர்வலரின் கோரிக்கையால் மட்டும் வந்ததன்று. மோட்டார் உதிரிப்பாகச் சந்தையைத் திறந்துவிடுமாறு அமெரிக்கா கொடுத்த வர்த்தக நெருக்குதலுக்கும் அதிற் பங்குண்டு. கராச்சில் ஒளித்துச் செய்யப்பட்ட வேலை, கண்காட்சி மண்டபத்தில் மேடையேறிய பெருவணிகமாயிற்று. மார்க் 2, சேசர், கிரெஸ்டா ஆகிய டொயோட்டாவின் மூன்று கார்கள் இக்காலத்தின் நாயகர்கள். பதவியுயர்வு பெற்ற அலுவலகத் தந்தையருக்கென ஆக்கப்பட்ட இக்கார்களின் எஞ்சின் முன்னே இருந்து பின்சக்கரத்தை ஓட்டியது. ஒரு சில மொடல்களில் 280 குதிரைவலுவுள்ள 2,500 சீசீ டேர்போ எஞ்சினும் இருந்தது. தந்தையர் பழையனவாக்கி விற்ற அவற்றை மைந்தர் மலிவாக வாங்கி, வளைவுகளிற் பக்கவாட்டாக வழுக்கி ஓட்டப் பயன்படுத்தினர். இரண்டு கதவுக் கார்களின் விலை ஏறியபொழுது நான்கு கதவு மலிவாக இருந்ததே இதற்கு முதற் காரணம். அழகியற் காரணங்கள் பின்னர்தான் கண்டுபிடிக்கப்பட்டன.

இன்றைய ஆர்வலரிடையே நிலவும் கருத்து வேற்றுமையை இப்பின்னணியில் வைத்தே எடைபோட வேண்டும். பழைய காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காக்க வேண்டுமென்பது ஒரு சாராரின் கட்சி. வெட்டப்படாத அலைக்கோடுள்ள ஸ்கைலைனைக் கண்டால் இவர்கள் கைகூப்புவர். ஒரு முறை வெட்டிய தகட்டை எவராலும் மீண்டும் வெட்டாததாக்க முடியாதென்பது இவர்களது வலுவான வாதம். அன்று எல்லாரும் வெட்டியமையால் வெட்டாத கார்தான் இன்று அரிது. மற்றைச் சாராரோ, கார் ஓடுவதற்கென்றே பிறந்தது, இன்றைய வீதிக்கேற்ற தடுப்புகளும் ரயரும் இல்லாத காரை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது என்பர். முன்சக்கரங்களுக்குத் தட்டுத்தடுப்பு மாற்றுதல், கபரேற்றரை அகற்றி மின்னணு முறையில் எரிபொருள் செலுத்துதல், குளிர்சாதனம் பொருத்துதல் ஆகியன இவர்கள் கூறும் அத்தியாவசிய மாற்றங்கள். கார் இவ்வாறு இசைவாக இருந்தால்தான் வீட்டார் அதில் ஏறுவர் என்றும் வாதிடுவர். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. குடும்பக் கார் என்று பெயர் பெற்ற இவ்வண்டிகளைப் பந்தய மோகத்தில் மாற்றியவர் பலர் முதலிற் கழற்றி எறிந்தது பின்னிருக்கையையே. விளம்பரப் படத்தில் மனைவியும் பிள்ளைகளும் அமர்ந்திருந்த இடம் அது. ஆர்வலர் எழுத்துகளில் அம்மனைவியின் குரல் அரிதாகவே கேட்கின்றது.

எம் கருத்திற் காப்போரின் கட்சி முழு வரலாற்றுணர்ச்சியுடையதன்று. 1966இல் தொழிற்சாலை வாயிலைக் கடந்த கணத்தில் காரின் வரலாறு நின்றுவிட்டதென்று அவர்கள் கொள்கின்றனர். வெட்டிய வளைவும், டீசல் கிராங்கும், ஒட்டுப்போட்ட இறக்கையும் 1970களின் உழைக்கும் இளைஞன் விட்டுச் சென்ற சாசனங்களல்லவா? அவற்றைச் சுரண்டி எடுத்து மூலநிலைக்கு மீட்பதும் ஓர் அழிப்பே. மறுபுறம், மாற்றுவோர் யாவரும் கைத்திறனாளரென்று கருதுவதும் தவறு. பட்டியலைப் பார்த்துப் பணம் கட்டிப் பாகம் வாங்கிப் பூட்டுபவன், பழைய வாடிக்கையாளன் புதிய கடைக்கு வந்தவனே. இரு கட்சியாரையும் மிஞ்சி இன்று சந்தை நிற்கின்றது. பெட்டி ஸ்கைலைன் ஜீ.ரி.ஆர். ஏல மண்டபங்களிற் பெருஞ்செல்வரின் முதலீடாகிவிட்டது. அதன் நிழலிற் சாதாரண நான்கு கதவு ஸ்கைலைனின் விலையும் ஏறிவிட்டமையால், அதனை வெட்டி ஒட்டப் பழகிய வர்க்கத்தால் அதனை இனி வாங்க இயலாது.

அரசின் போக்கிலும் முரண்பாடு நீடிக்கின்றது. யப்பானிற் பதிவு செய்து பதின்மூன்று ஆண்டுகள் கடந்த பெற்றோல் காருக்குச் சூழலின் பெயரால் வாகன வரி ஏறத்தாழ 15 வீதம் கூட்டப்படுகிறது; பாரவரியும் உயர்கிறது. ஜேர்மனியிலோ முப்பது ஆண்டைக் கடந்து மூலநிலையிற் பேணப்பட்ட காருக்குத் தனி எழுத்துள்ள இலக்கத்தகடும் வரிச் சலுகையும் 1997 முதல் உண்டு. தம் நாட்டுக் காருக்குத் தம் நாட்டில் மதிப்பில்லை என்று யப்பானிய ஆர்வலர் குமுறுவதில் நியாயமுண்டு. புதிய கார் ஒன்றை உருக்கி வார்த்துச் செய்வதற்கு ஆகும் எரிபொருளையும் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்ற அவர்களது வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் கபரேற்றர் கார் கக்கும் புகையின் நஞ்சை அவ்வாதம் கழுவிவிடாது. கம்பனிகளோ காற்றடிக்கும் பக்கம் திரும்பியுள்ளன. 1983இல் வந்த இரண்டு கதவுக் கொரொல்லா லெவின், ஸ்பிறின்ரர் ட்றுவெனோ ஆகியவற்றுக்குச் சில உதிரிப்பாகங்களை டொயோட்டா 2021 முதல் மீண்டும் செய்து விற்கின்றது. தோபுக் கடைக்காரரின் மகன் ஒருவன் அக்காரை ஓட்டும் சித்திரக்கதை உலகப் புகழ் பெற்றிராவிடின் இது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. எவரும் கதை எழுதாத நான்கு கதவுக் கொரொல்லாவுக்குக் கதவு இறப்பரைத் தேடுபவர் இன்னும் பழைய இரும்புக் கடைகளையே நம்பி நிற்கின்றார்.

ஷாக்கென் செலவுக்கு அஞ்சி யப்பானியக் குடும்பம் கைவிட்ட கார்களெல்லாம் இரும்புலைக்குச் செல்லவில்லை. இடப்பக்கம் வாகனம் ஓட்டும் நாடுகளுக்கு அவை கப்பலேறின. நியூசிலாந்தில் அவ்வாறு குவிந்த பழைய கார்களோடு போட்டியிட இயலாமல், அந்நாட்டில் எஞ்சியிருந்த கார் பொருத்தும் தொழிற்சாலைகள் 1998இல் மூடுண்டன. எமது நாட்டுக்கு 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின் ‘றீகண்டிஷன்’ என்ற பெயரோடு அவை பெருகி வந்தன. கொரொல்லாவின் தர வரிசையில் ‘டீலக்ஸ்’ என்பதன் சுருக்கமான இரண்டெழுத்து, இங்கே ஒரு காரின் பெயராகவே மாறி ‘டீ.எக்ஸ். வாகன்’ என வழங்குகின்றது. யப்பானில் ஆர்வலரின் விருப்பமாக இருந்த எஞ்சின் மாற்றம் இங்கே தேவையாயிற்று. பழைய எஞ்சின் தேய்ந்துபோனால், யப்பானிலிருந்து கொள்கலனில் வந்த வேறோர் எஞ்சினைப் பூட்டி, இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்திற் திருத்திக்கொள்வர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் முப்பது வயதுச் சனியின் விலை, அதனை முதன்முதல் வாங்கிய யப்பானியர் கனவிலும் காணாத அளவுக்கு ஏறிற்று. அதன் பின்னிருக்கையை இங்கே எவரும் கழற்றுவதில்லை. அதில் மூவர் அமர்வர். மடியிற் பிள்ளைகளும் இருப்பர்.